மேல்காதில் ஒரு துளை

டாக்டர் காட்டிய நாற்காலியில் அம்மா உட்காரவில்லை.

மகளை அதில் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் நின்றாள். அவள் தலையை மெல்லப் பிடித்து, வலது காதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினாள்.

காது மடலின் மேல்பகுதியில் கடுகளவு வெள்ளைக்கல் வைத்த தோடு. கல் பாதி தெரியவில்லை. சுற்றிலும் சதை சிவந்து, பளபளவென்று வீங்கி, அதை விழுங்கப் பார்த்தது.

ஓட்டல் சலவைக்கூடத்திலிருந்து வேலை உடுப்போடு ஓடிவந்திருந்தாள் அம்மா. வெளியே காத்திருந்தவர்களையெல்லாம் தாண்டி, முறை வருவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். ஒரு காதுக்கா இந்த அமர்க்களம் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே வந்ததும் டாக்டரிடம் மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொன்னாள்.

கேட்டு முடிப்பதற்குள் டாக்டர் எழுந்துவிட்டார். கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். புதுக் கையுறையைப் பிரித்தார்.

கடைத்தெருவில், வளையல் விற்கும் கடையில் குத்திக்கொண்டு வந்திருந்தாள் மகள். கூடப் போனது தோழி. வீட்டுக்குள்ளும் ஸ்கார்ஃப் கட்டிக்கொள்வது மகளின் வழக்கம் என்பதால் அம்மாவுக்கு உடனே தெரியவில்லை.

தெரிந்த அன்று அம்மா திட்டவில்லை. ஏன்டி இப்படிப் பண்ணினே என்று மட்டும் கேட்டாள்.

"என் உடம்புல நானா கேட்டுக் குத்திக்கிட்டது இது ஒண்ணுதாம்மா."

அன்றிலிருந்து அந்தக் காது அம்மாவின் பொறுப்பாயிற்று.

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, உப்புக் கரைத்து, சுத்தமான துணியில் நனைத்து ஒற்றியெடுத்தாள். தொடுவதற்கு முன்னால் முழங்கைவரை கழுவினாள். தலையணை உறையைத் தினமும் மாற்றினாள். ஓட்டல் விருந்தாளிகளுக்குக்கூட அவ்வளவு சூடாக இஸ்திரி போட்டதில்லை. தோட்டைத் திருகாதே, அந்தப் பக்கம் போனை வைக்காதே, அந்தப் பக்கம் படுக்காதே என்று மகளைப் பாடாய்ப் படுத்தினாள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

முதலில் தெளிவான நீர் கசிந்து, காய்ந்து பொருக்காயிற்று. ஆறும்போது அப்படித்தான் இருக்கும் என்றாள் கடைக்காரி. லேசான சிவப்பும் இருக்கும் என்றாள். அம்மா நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது?

நேற்றுச் சிவப்பு தோட்டைத் தாண்டி மடல் முழுக்கப் பரவியது. தொட்டால் சுட்டது. விண்விண்ணென்று தெறிக்கிறது என்று மகள் சாப்பாட்டைத் தள்ளிவைத்தாள்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது அம்மா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடில்லை. மத்தியானம் சலவைக்கூடத்துக்குப் போன் வந்தது. குளிருதும்மா என்றாள் மகள். அடுப்பில் ஏற்றிய கஞ்சிப்பசையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

முதல்ல அந்தக் கம்பியைப் பிடுங்கி எறியுங்க டாக்டர் என்று கெஞ்சினாள். கூடாது என்றார் டாக்டர். எடுத்தால் துளை மூடிக்கொள்ளும், உள்ளே இருப்பது உள்ளேயே தங்கிவிடும்.

பஞ்சை மடலுக்கு அடியில் கொடுத்து, விரலால் மெதுவாக அழுத்தினார்.

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவின் உடுப்பைப் பற்றினாள்.

ஒன்றும் வரவில்லை.

அம்மாவின் உதடு அசைந்தது. யாரை வேண்டிக்கொள்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

டாக்டர் இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் அழுத்தினார். மகள் முனகினாள்.

வந்தது. கெட்டியாக, மஞ்சளாக, பஞ்சு நனைய வந்தது.

"சீழ்தாம்மா" என்றார் டாக்டர். "நல்லாவே வருது."

அம்மா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மகள் திரும்பிப் பார்க்க முயன்றாள். டாக்டர் அவள் தலையை அசையவிடவில்லை.

காய்ச்சல் இருப்பதால் இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், நான் போன் பண்ணிச் சொல்கிறேன் என்றார். அம்மா தலையாட்டினாள். போகலாம். எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

போன வருஷம் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய் வார்டில் மகளின் நெஞ்சில் குழாய் சொருகியிருந்த இடமும் இப்படித்தான் சிவந்தது. இப்படித்தான் கொதித்தது. ஆனால் ஒரு சொட்டுச் சீழ் பிடிக்கவில்லை. நல்லதுதானே என்று அம்மா கேட்டாள். சீழ் பிடிக்கவும் உடம்பில் எதிர்த்து நிற்க அணுக்கள் வேண்டும், உங்கள் பெண்ணுக்கு அது ஒன்றுகூட மிச்சமில்லை என்றார்கள். பிழைத்தது அதிசயம்.

அதற்குப் பிறகுதான் அம்மாவின் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி, மஜ்ஜையை எடுத்து மகளுக்கு ஏற்றினார்கள். எதிர்த்து நிற்கும் அணுக்கள் இனி அதிலிருந்துதான் பிறக்கும் என்றார்கள். ஒட்டிக்கொண்டுவிட்டது, வளர்கிறது என்று ஒவ்வொரு பரிசோதனையிலும் சொன்னார்கள். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஒரு நாள்கூட நம்பவில்லை.

டாக்டர் பஞ்சைக் குப்பைக்கூடையில் போடப் போனார். தரையில் உட்கார்ந்தபடியே அம்மா கையை நீட்டி, ஒரு நிமிஷம் என்றாள்.

காட்டினார்.

மகளின் காதில் சண்டை போட்டுச் செத்தவை எல்லாம் அம்மாவுடைய அணுக்கள்.