பத்திரமாக வைத்த ஏக்கம்

வெளிநாட்டுக்கு அனுப்பும் ஊழியர்கள் மனம் வாடாமல் வேலை பார்க்க வேண்டும் என்று, அவர்களுடைய வீட்டு ஏக்கத்தைக் கம்பெனியே வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டது. ஊர் திரும்பும் நாளில் துளி குறையாமல் கொடுத்துவிடும்.

நவநீதன் நார்வேயில் நான்கு வருடம் கலங்காமல் வேலை பார்த்தான். வீடியோ காலில் மனைவி ரூபவதி கண்ணைத் துடைத்தபோதெல்லாம், “சாப்ட்டியா?” என்று சிரித்த முகமாகவே கேட்டான். இன்று காலை மதுரை விமான நிலையத்தில் ஏக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். மதியம் வீட்டில் முதல் வாய்ச் சோற்றை எடுத்தவன் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தான்.

“ரூபா, வீட்டுக்குப் போகணும்.”

“வீட்லதாங்க இருக்கீங்க. நான் பக்கத்துலதான இருக்கேன்?”

“தெரியுது. ஆனாலும் உன்னைப் பாக்கணும் போலயே இருக்கு.”

அவள் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள்.

“பயப்படாதீங்க மேடம். நாலு வருஷத்துக்கும் சேத்து மொத்தமா வருதுல்ல? நீங்களும் கூட உக்காந்து அழுதீங்கன்னா சீக்கிரம் தணிஞ்சிரும்” என்றாள் அங்கிருந்த பெண்.

ரூபவதி அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு அழப் பார்த்தாள். வரவில்லை. அவளுடைய ஏக்கத்தை யாரும் வாங்கி வைக்கவில்லை. இரண்டாம் வருடமே அதைத் தனியாக அழுது தீர்த்திருந்தாள்.