ஞானசீலன் ஊர்ப் புகை

மடு மாதாவாணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாசியுங்கள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாரி. கனடாவில், ஸ்காபரோவில் அப்பார்ட்மென்ட் ஒன்றின் பதினோராம் மாடியில் இருந்தோம். என் மனைவி மக்டலீனுக்கு மூச்சு முட்டும் வருத்தம். ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், ஜேர்மனியில் மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊரிலிருந்து அவளுடைய கூடப்பிறந்த தம்பி ஞானசீலன் போன் எடுப்பான். சுகம் கேட்க முன்னமே காலநிலை சொல்லுவான்.

"அத்தான், இங்கை வீட்டுக்கு வீடு கரியடுப்பு. புகை மேலே போகாமல் ஊருக்குள்ளேயே நிக்குது. அக்காவை ஜன்னலைப் பூட்டச் சொல்லுங்கோ."

"உன்ரை ஊர்ப் புகைக்கு நாங்கள் ஏனடா பூட்டுவான்?"

அன்று எங்களுக்கு நல்ல வெயில். பின்னேரம் பல்கனிக் கதவடியில் கரி படிந்திருந்தது. மக்டலீன் கட்டிலில் நிமிர்ந்திருந்து மூச்சுக்கு அந்தரப்பட்டாள். டொக்டர் தந்த, வாய்க்குள் அடிக்கிற பம்புக்கும் கேட்கவில்லை. கிழமை முழுக்க அப்படியே கிடந்தாள்.

அடுத்த ஞாயிறு நான் பூசைக்குப் போகாமல் போனடியிலேயே இருந்தேன். மணி அடித்ததும் எடுத்தேன்.

"தம்பி, உங்கை மழை வருமோ?"

"இப்பதான் தொடங்குது அத்தான். புகை கரையுது. இனிப் பயமில்லை."

போனை வைத்துவிட்டு அறைக்கு ஓடினேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மக்டலீன் சீராக மூச்சு விட்டபடி நித்திரை. அவள் தலைமயிர் மழையில் நனைந்து ஈரமாக இருந்தது.

ஞானசீலன் இன்றைக்கும் போன் எடுக்கிறான்.

மக்டலீனோ தாய் தகப்பனுக்கு ஒரே பிள்ளை.