கட்டுரைக் கள்ளி

"களவெடுத்த கட்டுரைய நம்பியா நம்மட பொம்புளப் புள்ளைகளுக்கு ஊசி போடப் போறீங்க?"

ஆறாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் ஹமீட் ஹாஜியார் எழுந்து நின்று கேட்டார். ஒரு கையில் போன். மறு கை, தாய்மாரில் ஒருத்தியான மர்ஷூதாவைச் சுட்டிக்கொண்டிருந்தது.

விசயம் இதுதான். பெண்பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமலிருக்க மறுநாள் பாடசாலையில் ஊசி. பெற்றோர் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். சில நாட்களுக்கு முன் பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு வந்து விழுந்தது: 'இது நம்மட இனத்தைக் குறைக்க மத்த இனத்து ஆக்கள் போட்ட திட்டம். ஊசி ஏத்தினா நம்மட புள்ளைகளுக்குப் புள்ள பொறக்காது.'

போட்டவர் ஹாஜியார். நாற்பத்திரண்டு பெண்பிள்ளைகளில் நாலு பேரின் கடிதம்தான் வந்தது.

காசு கட்டி வாங்கும் மருத்துவச் சஞ்சிகை ஒன்றின் கட்டுரையை மர்ஷூதா படம் பிடித்துக் குழுவில் போட்டாள். அந்தப் புளுகை வரிக்கு வரி தோலுரித்த கட்டுரை. இரண்டே நாளில் கடிதம் முப்பத்தெட்டு.

"எழுதின ஆள்ற பேரையும் படத்தையும் வெட்டி எடுத்திரிக்கா. கீழ இரிக்கிற வரிய வெட்ட மறந்துட்டா." ஹாஜியார் போனைப் பார்த்து வாசித்தார். "'அனுமதியின்றிப் பிரதி செய்வது சட்டப்படி குற்றம்.' அடுத்தவன்ட உழைப்பு ஹறாம் இல்லையா?"

"உங்கட குரல்பதிவு ஆருட உழைப்பு ஹாஜியார்?"

"அது ஃபோர்வேட். எனக்கும் ஆரோ அனுப்பினது."

"அப்ப பொய்க்கு மட்டும் அனுமதி தேவல்ல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஹாஜியாருக்குக் கோபம் ஏறிவிட்டது.

"வாய் காட்டாத புள்ள! எழுதினது ஆரு? பேரைச் சொல்லு. இப்பவே கோல் எடுத்துக் கேக்கன்."

மர்ஷூதா வாயைத் திறந்தாள். வந்த பேரை விழுங்கிவிட்டு, போனைக் கைப்பைக்குள் ஒளித்தாள்.

"பாத்தீங்களா? கள்ளி முழிக்கா!"

இன்னொரு தாய் அஸ்மியா அதிபரைப் பார்த்து எழும்பினாள். "சேர், என்ட கடிதத்தைத் திருப்பித் தாங்க. பேரில்லாத கட்டுரைய எப்பிடி நம்புற?"

அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு கைகள். குரல்பதிவில் பேர் இருந்ததா என்று அந்தக் கைகளில் ஒன்றும் கேட்கவில்லை.

மர்ஷூதா அவசரமாக எழுந்தாள்.

"ஓம், களவுதான். மாப்புச் செய்ங்க. என்னைக் குழுவில இருந்து வெளியே போடுங்க. ஆனா கட்டுரையில பொய் இரிக்கா? சேர், நீங்க சொல்லுங்க."

அதிபர் றிபாஸ் கடிதக் கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"ஒரு வரியும் பிழையில்ல. அஸ்மியா, இருங்க. அவ செஞ்ச குத்தத்துக்குப் புள்ளைகள்ற உசிரோட விளையாட ஏலா."

அஸ்மியா உட்கார்ந்தாள். மற்றக் கைகளும் இறங்கின. ஹாஜியார் அந்த இடத்திலேயே மர்ஷூதாவைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டு, நீதி வென்ற முகத்தோடு அமர்ந்தார்.

பாடசாலைக்கு வெளியே வந்ததும் மர்ஷூதா போனை எடுத்தாள்.

"டொக்டர், கடிதமெல்லாம் தப்பிட்டு. எனக்குத்தான் கள்ளிப் பட்டம். சஞ்சிகைக்காரரிட்ட நீங்க அனுமதி எடுத்துத் தந்ததச் சொல்லிரிப்பன். சொன்னா உங்கட பேரையும் கேப்பாங்களே!"

மறுபக்கம், தமிழர் ஊரான பாண்டிருப்பிலிருந்து டொக்டர் உசாந்தினி சிரித்தார்.

"அதுக்குத்தானே அக்கா வெட்டச் சொன்னனான். கட்டுரையில, நெத்தியில பொட்டோட என்ட படத்தைக் கண்டிருந்தா ஒருத்தரும் வாசிச்சிருக்க மாட்டாங்க. முதல்ல புள்ளைகளுக்கு ஊசி ஏறட்டும். பேருதானே, பிறகு ஒட்டலாம்!"