கதவில் ஒட்டிய தாள்

ஞாயிறு வந்தாலே ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் கிடந்த பீட்ரூட்டுக்குப் பயம் வந்துவிடும். அன்றுதான் புதுக் காய்கள் வந்து இறங்கும். மறந்துபோன பழசெல்லாம் குப்பைக்கூடைக்குப் போகும்.

இந்த ஞாயிறு வீட்டுக்காரி மங்கை சந்தைக்கே போகவில்லை. தட்டுத் தட்டாகத் துழாவிப் பார்த்தாள். ஒரு தாளில் என்னவோ எழுதிக் கதவில் ஒட்டினாள்.

"கதவண்ணே, என்ன எழுதியிருக்கு?" என்றது பீட்ரூட்.

"ஒரு வாரத்துச் சமையல். நாளைக்கு முட்டைக்கோஸ் கூட்டு. செவ்வாய்க்கிழமை உன் பொரியல்."

"அப்பாடா!"

போன வாரம் காசில்லாமல் கொசுறாக வந்த கறிவேப்பிலை, தயங்கித் தயங்கிக் கேட்டது: "என் பேரு?"

கதவு மேலிருந்து கீழ்வரை படித்தது. "எங்கேயும் இல்லையேம்மா."

கறிவேப்பிலை சுருண்டுகொண்டது.

"அட அசடே!" என்று சிரித்தது பீட்ரூட். "இந்த வீட்டில் தாளிக்காத கிழமை ஏது?"