பிள்ளை பிடிக்கிறவர்

"பிடிங்க அவனை! பிள்ளை பிடிக்கிறவன்!"

கத்திக்கொண்டே ஓடிவந்த தையல்கடைக்காரர், பழைய பேப்பர்காரரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். நிமிஷத்தில் தெருவே கூடிவிட்டது. மூட்டை அவிழ்ந்து பேப்பரெல்லாம் தரையில்.

நாலு வயசுக் குட்டி, அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கினாள்.

"என் கண்ணால பார்த்தேன்மா. மெயின் ரோட்டிலிருந்து உங்க வாசல் வரைக்கும் பாப்பாவை விரட்டிக்கிட்டே வர்றான்!"

"விரட்டினியா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா," என்றார் பேப்பர்காரர்.

"என்ன தைரியம் பாருங்க!" அம்மா தையல்கடைக்காரரிடம் திரும்பினாள். " போலீஸ் வர்ற வரைக்கும் விடாதீங்க இவனை. நானும் இங்கிருந்து ஒரு அடி நகர மாட்டேன்."

"வரட்டும்மா. முதல்ல அந்த கேட்டுக்குக் கொக்கி போடுங்க. பாப்பா தனியா மெயின் ரோட்டுல நின்னுச்சு."

அம்மா கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். பத்து நிமிஷம் துணி அலசப் போயிருந்தாள். அவ்வளவுதான்.

"பஸ் வர்ற நேரம். கூப்பிடலாம்னு கிட்டப் போனா, என்னைப் பார்த்து நடு ரோட்டுக்கு ஓடப் பார்த்துச்சு. அதான் சுத்திப் போய் ரோட்டுப் பக்கம் நின்னு, மூட்டையைக் காட்டி ஒரு அதட்டல் போட்டேன். வீட்டுப் பக்கமா பறந்துச்சு. நடுவில நின்னப்பெல்லாம் இன்னொரு அதட்டல்."

தையல்கடைக்காரரின் பிடி தளர்ந்தது. ஆனால் விடவில்லை. "உன்னைக் கண்டு குழந்தை எதுக்குய்யா ஓடணும்? முன்னாடி ஏதாச்சும் பண்ணியிருப்பே!"

பேப்பர்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "என் மூஞ்சி அப்படிங்க."

"மூஞ்சி இல்லை." அம்மா எல்லோர் பக்கமும் திரும்பினாள். கூட்டத்தின் கடைசியில் நிற்கிறவருக்கும் கேட்கும்படியே சொன்னாள். "நான்தான் காரணம். மத்தியானம் ஊட்டும்போது மாடியிலிருந்து இவரைக் காட்டி, 'அதோ பிள்ளை பிடிக்கிறவன், சாப்பிடலைன்னா மூட்டையில போட்டுக்குவான்'னு சொல்வேன். சட்டையை விடுங்க அண்ணே."

கூட்டம் கலைந்தது. குழந்தையோடு குனிந்து அவளும் பேப்பரைப் பொறுக்கினாள்.

"மன்னிச்சுடுங்க. இப்படி ஒரு பேர் வச்சிருக்கேன்னு உங்களுக்குத் தெரியாது..."

"கீழ நின்னா எல்லாம் கேட்கும்மா," பேப்பர்காரர் சிரித்தார். "பேப்பர் எடுக்கன்னா இந்தத் தெருவுக்கு மாசம் ஒரு தடவை வந்தாப் போதும். பாப்பா சாப்பிடுதேன்னுதான் தினமும் வர்றேன்."