பத்து மீட்டர் புத்தகம்

"தடிமனான புத்தகமா ஒரு பத்து மீட்டர் வேணும்மா."

சுனில்டா டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஆளை ஏற இறங்கப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. கையில் அளவு டேப்.

"துணிக்கடை அடுத்த தெருவுல இருக்குங்க" என்றார்.

பக்கத்தில் குளிர்ந்த தெரெரே பானத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த, விற்பனைக்கு உதவும் நிமியாவுக்குப் புரையேறிவிட்டது.

அசுன்சியோன் நகரில் ஆறு பெருகி, தாழ்வான கரையில் குடியிருந்தவர்கள் மேட்டுக்கு ஏறி எட்டு மாதமாகிறது. அவர்கள் தங்கியிருக்கும் முகாமுக்காகத்தான் மாதா கோயில் வாசலில் இந்தப் பழைய புத்தக விற்பனை. ஊரார் கொடுப்பதை விற்று, வருவதை முகாமுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் டீச்சர்தான் முன்நின்று நடத்துவார்.

இந்தத் தடவை அவர் தன்னுடைய கலைக்களஞ்சியத்தையே கொண்டுவந்து வைத்திருந்தார். முப்பது தொகுதி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தவணை கட்டி வாங்கியது. படிக்கிற ஒருவர் கையில் அது போய்ச் சேரவேண்டும், அது ஒன்றுதான் அவர் ஆசை. காலையிலிருந்து ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஊரார் கொடுத்த மற்றக் கலைக்களஞ்சியங்களும் அப்படியே குவிந்து கிடந்தன. விற்காததைக் கூழாக்க அள்ளிப்போக நாலு மணிக்குக் காகித ஆலை லாரி வந்துவிடும்.

வந்தவரோ ஒரு புத்தகத்தையும் திறக்கவில்லை. அட்டையின் முதுகைத் தடவினார், உயரத்தை அளந்தார், கையில் தூக்கிக் கனம் பார்த்தார்.

"எல்லாம் ஒரே உசரமா இருந்தா நல்லது."

"என்ன நிறத்துல வேணும்? சோபாவுக்குப் பொருத்தமா?"

"நிறம் எதுவா இருந்தாலும் சரிம்மா. சுவருக்குத்தான்."

டீச்சருக்குச் சுருக்கென்றது. எந்தப் பணக்கார வீட்டுச் சுவருக்கு அலங்காரமோ? இந்த ஆள் அதற்குத் தரகன் போலிருக்கிறது.

"விலை கேக்கலையே?"

"சொல்லுங்க."

வேண்டுமென்றே இரண்டு மடங்காகச் சொன்னார். அவர் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். பிறகு பையிலிருந்து சுருட்டிய நோட்டுகளை எடுத்துக் கொடுத்தார். பேரமே பேசவில்லை. அதுவும் டீச்சருக்குப் பிடிக்கவில்லை.

குதிரை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, அவரே சுமந்து ஏற்றினார். டீச்சருடைய தொகுதிகள் கடைசியில் ஏறின. இருபத்தொன்பதோடு கை நின்றது.

"பத்து மீட்டர் ஆயிடுச்சும்மா. இது ஒண்ணு அதிகம். நீங்களே வச்சுக்குங்க."

"அதிகமா? எது எந்தத் தொகுதியில இருக்குன்னு காட்டுற அட்டவணையே முப்பதாவதுலதான் இருக்கு. அது இல்லாம மத்த இருபத்தொன்பதும் எதுக்கு?"

"இடம் இல்லையேம்மா."

முப்பதாம் தொகுதியை மார்போடு அணைத்துக்கொண்டு டீச்சர் விறுவிறுவென்று போய் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"நிமியா, கடையைப் பாத்துக்கோ. இது எந்த மகாராஜா வீட்டுச் சுவருன்னு நான் பாக்கணும். இதை அங்க வைக்க இடம் பண்ணிட்டுத்தான் வருவேன்."

வந்தவர் குதிரையைத் தட்டி வண்டியைக் கிளப்பினார். தன் பெயர் எலாதியோ, தச்சு வேலை என்று மட்டும் சொன்னார்.

வண்டி பெரிய வீடுகளையெல்லாம் தாண்டிப் போய் ஒரு பழைய விளையாட்டுக் கூடத்தின் முன் நின்றது. உள்ளே கயிறு கட்டிப் போர்வை தொங்கவிட்டு முப்பது குடும்பங்கள். குழந்தைகள் வண்டியைச் சூழ்ந்துகொண்டன. முகாம் இதுதான். எத்தனையோ வெள்ளத்துக்குப் புத்தகம் விற்ற டீச்சர் இதற்குள் காலெடுத்து வைப்பது இதுதான் முதல் தடவை.

கூடத்தின் கோடியில், மேடைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. அதன் வாயில் ஆளுயரத்துக்கு ஐந்து தட்டு அலமாரி ஒன்று வெறுமையாக நின்றது. ஓரத்தில் ஒருவர் நுழைய வழிவிட்டுப் பலகைக் கதவு போட்டிருந்தார்கள். எலாதியோவும் நாலைந்து ஆண்களும் புத்தகங்களை இடைவெளி இல்லாமல் இறுக்கி அடுக்கி முடித்தார்கள்.

"நீங்களும் இங்கதானா?" டீச்சர் குரல் இறங்கிவிட்டது.

"ஆமாம்மா, எங்க வீடு தண்ணிக்குள்ள இருக்கு. என் பொண்ணுக்குப் பதிமூணு வயசு. எட்டு மாசமா போர்வைக்குள்ள படுத்துக்கிட்டேதான் துணி மாத்துறா. இங்க இருக்கிற எல்லாப் பொண்ணுங்களும் அப்படித்தான். துணி கட்டிப் பாத்தோம், காத்துல தூக்கிக்குது. கிடைச்ச பலகை கதவுக்கும் இந்தத் தட்டுக்கும் சரியாப் போச்சு. கனமா, நகராம நிக்கிறதா ஒண்ணு வேணும். லாரிக்குப் போற புத்தகம் ஞாபகம் வந்துச்சு."

"சொல்லியிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே. காசு இங்கதானேய்யா வரப்போகுது?"

"குடுத்திருப்பீங்க. தலகாணி, தட்டு, நான் போட்டிருக்கிற சட்டை, எல்லாமே யாரோ குடுத்ததுதான். பிள்ளைங்களுக்கு ஒரு சுவராவது நாங்க வாங்கினதா இருக்கட்டும்னு ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம்."

டீச்சருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இரண்டு மடங்கு விலை சொன்ன வாய் அது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முப்பதாம் தொகுதியை உட்பக்கமாக எங்காவது வைக்க முடியுமா பார்க்கலாமென்று கதவைத் தள்ளினார்.

உள்ளேயிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல், கொஞ்சம் அதட்டலாகவே வந்தது.

"யாரது? கதவைத் தட்டிட்டு வாங்க."