காலுக்கு ஒப்பாரி

எங்கள் வார்டில் வலியை வாயால் சொல்லத் தேவையில்லை. தலைமாட்டு மின்பலகையில் வலியின் அளவு எண்ணாக எரியும். எனக்கு ஒன்பது. வெட்டியெடுத்து ஒரு மாதமான வலது கால்தான் இன்னும் வலித்தது. சாயங்காலத்துக்குள் ஐந்துக்குக் கீழே இறங்காவிட்டால் மண்டையைத் துளைத்துக் கம்பி வைப்பார்களாம்.

சிரித்தால் வலி குறையும் என்று பலகையே எனக்கு நகைச்சுவை சொல்லிப் பார்த்தது. இயந்திரம் சொன்னதும் சிரிக்க நானென்ன கிறுக்கனா?

“செத்த காலுக்கு யாரும் அழலைல்லா, அதான் போகாமச் சுத்துது,” என்றாள் என் மனைவி பேச்சி. கட்டிலைத் தட்டித் தட்டி அங்கேயே ஒப்பாரி கட்டினாள்.

“எங்காத்தா வீட்டுக்குன்னா நொண்டுன காலே,
சீட்டாட்டத்துக்குச் சிட்டாப் பறந்த காலே,
சொல்லாமப் போனியே ராசா,
ஒத்தச் செருப்ப நான் யாருக்குக் குடுப்பேன்!”

எனக்குச் சிரிப்பில் வயிறு குலுங்கிவிட்டது. பலகையில் எட்டு. பிறகு ஆறு.

“இன்னும் திட்டுடீ!” என்று கத்தினேன்.

நான்கு! நம்பாமல் பலகையைத் தட்டிப் பார்த்தேன். நான்கேதான்.

அடுத்த கட்டிலில் கையை இழந்த சூசை எழுந்தே உட்கார்ந்துவிட்டான். அவன் பலகையில் எட்டு. “மதினி, எங் கைக்கும் ஒரு பாட்டம் அழுங்க!”

பேச்சி முந்தானையை இழுத்துச் செருகினாள். “அழுதுருவோம். அந்தக் கை என்னென்ன அட்டூழியம் பண்ணுச்சு? ஒண்ணு விடாமச் சொல்லுங்க, கொழுந்தனாரே.”